பெஞ்சில் உட்கார்ந்தவள் சொல்கிறேன்: பயிற்றுநர் பட்டம் படிப்பது எப்படி?

கபடியில் களத்துக்குள் ஏழு பேர், வெளியே மாற்று ஆட்டக்காரர்கள் ஐந்து பேர். அந்த ஐந்தில் நான் நிரந்தர உறுப்பினர். மாவட்ட அணியில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். ஆடிய நிமிடங்களையெல்லாம் கூட்டினால் ஒரு முழு ஆட்டம் தேறாது. வெளியே உட்கார்ந்திருப்பவளுக்கு வேறென்ன வேலை? எதிரணியின் வலது கார்னர் எந்தக் காலை முன்னால் வைத்து நிற்கிறாள், எங்கள் ரெய்டர் (எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவள்) எத்தனையாவது ரெய்டுக்குப் பிறகு இடுப்பில் கைவைக்க ஆரம்பிக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். பிற்பாடு விளையாட்டுப் பயிற்சியியல் படிக்கப் போனபோது அந்தப் பெஞ்சுதான் கைகொடுத்தது.

எங்கள் வகுப்பில் தேசிய அளவில் ஆடியவர்கள் சிலர் இருந்தார்கள். "இந்தக் கணுக்கால் பிடியை எப்படிப் பிடித்தாய்?" என்று ஆசிரியர் கேட்டால், "பிடித்தேன் சார், வந்துவிட்டது" என்பார்கள். அவர்கள் உடம்புக்குத் தெரிந்திருந்தது, வாய்க்குத் தெரியவில்லை. இந்தப் படிப்பு பெரும்பாலும் அந்த வாய்க்கும், பார்க்கும் கண்ணுக்கும், பார்த்ததை அன்றே எழுதிவைக்கும் கைக்கும் தரும் பயிற்சி.

இப்போது பள்ளி மாணவிகளுக்குக் கபடி சொல்லித்தருகிறேன். பிளஸ் டூ முடிவு வந்ததும் ஆண்டுதோறும் யாராவது ஒருத்தி அம்மாவோடு வந்து, "நானும் கோச் ஆக வேண்டும் அக்கா, என்ன படிப்பது?" என்று நிற்பாள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சேர்வதற்கு முன்பு

ஊரில் "ஸ்போர்ட்ஸ் படிக்கிறாள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். உள்ளே வழிகள் வேறு வேறு. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக வேண்டுமென்றால் பி.பி.எட். வேண்டும், அது ஒரு பட்டம் முடித்த பிறகு படிக்கும் இரண்டு ஆண்டுப் படிப்பு. ஓர் அணியையோ வீராங்கனையையோ போட்டிக்குத் தயார்செய்வதுதான் ஆசை என்றால் பயிற்சியியல் பட்டம், அல்லது பட்டத்துக்குப் பின் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்றுநர் டிப்ளமோ. என்னோடு படித்த ஒருத்தி, பள்ளி வேலை கிடைக்கும் என்று நம்பிப் பயிற்சியியலில் சேர்ந்தாள். மூன்றாம் ஆண்டில்தான் வேலை விளம்பரத்தை முதன்முதலாக முழுதாகப் படித்தாள். பிறகு இன்னும் இரண்டு ஆண்டு படிக்க வேண்டியதாயிற்று. நீங்கள் விண்ணப்பம் வாங்குவதற்கு முன்பே, பத்து ஆண்டு கழித்து எந்த வேலையில் இருக்க ஆசையோ அந்த வேலையின் பழைய விளம்பரம் ஒன்றைத் தேடி எடுத்து, தகுதிப் பகுதியை வரிக்கு வரி படியுங்கள்.

இடங்களைப் பொறுத்தவரை நமக்குக் குறையில்லை. நந்தனத்திலுள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி, ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் தொடங்கியது. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. காரைக்குடி, திருச்செந்தூர், கோவை என்று உடற்கல்விக் கல்லூரிகள் பல. தூரம் பரவாயில்லை என்பவர்களுக்கு, 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகம் இம்பாலில் இருக்கிறது. பயிற்சியியலில் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம் அங்கே உண்டு. பாட்டியாலா நிறுவனம் 1961 முதல் பழைய மோதி பாக் அரண்மனையில் நடக்கிறது. பி.டி. உஷாவின் பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார் விமானப்படையில் இருந்துவிட்டு அங்கே டிப்ளமோ படித்தவர்தான். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் உஷா நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தை இழந்தது எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஆண்டு பயிற்றுநர்களுக்கான துரோணாச்சாரியார் விருது முதன்முறையாகக் கொடுக்கப்பட்டபோது பெற்ற மூவரில் நம்பியாரும் ஒருவர் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? இந்த வேலையில் பெயர் எவ்வளவு தங்கும் என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். காலை ஆறு மணிக்கு மைதானத்தைப் போய்ப் பாருங்கள். எத்தனை மாணவர்கள் பயிற்சி செய்கிறார்கள், ஆசிரியர் அவர்களோடு நிற்கிறாரா அல்லது விசிலைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாரா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பட்டத்துக்கு முறையான அங்கீகாரம் உண்டா என்பதையும், உங்கள் விளையாட்டு அங்கே சிறப்புப் பாடமாக உண்டா என்பதையும் கட்டாயம் கேளுங்கள். நான் கேட்கவில்லை. சேர்ந்த பிறகு, "இந்த ஆண்டு கபடி இல்லை, தடகளம் எடுத்துக்கொள்" என்றார்கள். இரண்டு நாள் அழுதேன். அதனால் நன்மையும் விளைந்தது, கீழே சொல்கிறேன்.

சான்றிதழ்களைப் பற்றி ஒரே வார்த்தை: ஃபார்ம், அதாவது நீங்கள் அந்தப் போட்டியில் ஆடியதை உறுதிப்படுத்தும் படிவம். தேசியப் போட்டிக்கு ஃபார்ம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு ஃபார்ம் 3, பள்ளி தேசியப் போட்டிக்கு ஃபார்ம் 4. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்கும் நாளில் கோப்பையை யாரும் கேட்கமாட்டார்கள், இதைத்தான் கேட்பார்கள். ஆடி முடித்த அந்த ஆண்டே கையெழுத்து வாங்கிவிடுங்கள். சங்கத்தில் செயலாளர் மாறிவிட்டால் அலைச்சல்தான்.

உடற்கூறியலை உடம்பில் படியுங்கள்

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். முதல் வாரம் உடற்கூறியல் வகுப்பில் கரும்பலகை முழுக்க லத்தீன் பெயர்கள். அதிகாலை ஐந்தரைக்கு மைதானம், ஒன்பதரைக்கு வகுப்பு, வயிறு நிறைய விடுதிப் பொங்கல். தூங்காமல் இருந்தால்தான் அதிசயம்.

என்னைக் காப்பாற்றியது அறைத்தோழியின் கால். குப்புறப் படுக்கச் சொல்லுங்கள். அவள் முழங்காலை மடக்கட்டும். நீங்கள் குதிகாலைப் பிடித்து மடக்க விடாமல் தடுங்கள். முழங்காலுக்குப் பின்னால் வெளிப்பக்கம் கயிறு போல ஒன்று புடைக்கும். அது பைசெப்ஸ் ஃபெமோரிஸின் தசைநாண். உள்பக்கம் மெல்லிய கயிறாகத் துருத்துவது செமிடெண்டினோசஸ். விரலால் தொட்டுப் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தசை எந்த எலும்பில் தொடங்கி எதில் முடிகிறது, சுருங்கினால் என்ன அசைகிறது என்று தமிழிலேயே ஒரு வரி எழுதுங்கள். நாளுக்கு நான்கு தசை போதும். எங்கள் அறையில் நான்கு பெண்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் வார்டன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டு போய்விட்டார்.

சுண்ணாம்பும் கயிறும்

தடகளத்தில் சேர்த்துவிட்டார்கள் என்றேனே, அங்கே முதல் செய்முறைத் தேர்வு ஓடுதளம் வரைதல். செயற்கை ஓடுதளக் காலத்தில் இது எதற்கு என்று தோன்றும். உங்களுக்கு வேலை கிடைக்கப்போகும் பள்ளியில் இருப்பது மண் தரைதான். விளையாட்டு விழாவுக்கு முந்தைய நாள் மாலை தலைமையாசிரியர் உங்களைத்தான் தேடுவார்.

எல்லோரும் தவறு செய்யும் இடம் இரண்டாம் தடத்தின் முன்னகர்வு, அதாவது வெளித்தடக்காரர் கூடுதலாக ஓடும் தூரத்தை ஈடுகட்ட அவருடைய தொடக்கக் கோட்டை முன்னால் தள்ளிப் போடுவது. ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். ஒரு முழுச் சுற்றுக்கு வெளித்தடக்காரர் எவ்வளவு கூடுதலாக ஓடுவார்? 1.22-ஐ இரண்டாலும் π (பை) என்ற எண்ணாலும் பெருக்கினால் 7.66 மீட்டருக்குச் சற்று மேல் வரும். நான் அதையே எழுதி, அளந்து, சுண்ணாம்புக் கோடும் போட்டுவிட்டேன். தேர்வாளர் டேப்பை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து என் கோட்டின் மேல் நின்றார். "முதல் தடத்தில் ஓடுபவளை எங்கிருந்து அளப்பாய்?" என்றார். உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி. "மற்றத் தடங்களில்?" கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர். அதைச் சொல்லும்போதே வயிற்றில் புளி கரைந்தது. இரண்டு ஓட்டக்கோடுகளுக்கும் நடுவே 1.12 மீட்டர்தான், எனவே இரண்டாம் தடத்துக்கு முன்னகர்வு 7.04. மூன்றாம் தடத்திலிருந்துதான் 7.66 மீட்டரும் சொச்சமும் கூடிக்கொண்டே போகும்: 14.70, பிறகு 22.37. கோட்டைக் காலால் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அந்த எண்கள் இனி எனக்கு மறக்காது.

இரும்பு டேப் பயன்படுத்துங்கள்; துணி டேப் இழுத்தால் நீளும். சுண்ணாம்புத் தூளைக் காற்றுக்கு எதிரே நின்று தூவினால் அன்றிரவு கண்ணெரிச்சலோடுதான் தூக்கம்.

சுமை நோட்டு

பயிற்சிக் கோட்பாடுதான் இந்தப் பட்டத்தின் முதுகெலும்பு. உடம்புக்குச் சுமை கொடுக்கிறோம், அது களைத்து இறங்குகிறது, ஓய்வில் மீள்கிறது, பழைய நிலைக்குச் சற்று மேலேயும் போகிறது. அந்த மேடு இருக்கும்போது அடுத்த சுமை வர வேண்டும். ஓராண்டை ஆயத்தக் காலம், போட்டிக் காலம், இடைமாறு காலம் என்று பிரிக்கும் முறையைச் சோவியத் அறிஞர் மத்வேயெவ் 1960-களில் ஒழுங்குபடுத்தினார். பாடப்புத்தகத்தில் அலை அலையாக ஒரு வரைபடம் இருக்கும். எல்லோரும் அதை அழகாக வரைவோம், முழு மதிப்பெண் வாங்குவோம், மைதானத்துக்குப் போனதும் மறந்துவிடுவோம்.

நானும் மறந்தேன். கடைசி ஆண்டு களப்பயிற்சிக்கு ஒரு பள்ளி அணியை என்னிடம் விட்டார்கள். மண்டலப் போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. முதல் வாரம் நாளுக்கு ஒரு மணி நேரம், மிதமாக. அடுத்த வாரம் எனக்குப் பதற்றம் தொற்றிக்கொண்டது. ஒன்றரை மணி நேரம், நாக்குத் தள்ளும்படி. வாரக் கடைசியில் மூன்று பெண்கள் முன்னங்கால் எலும்பைத் தடவிக்கொண்டு நின்றார்கள். ஆளுக்கு ஒரு ஐஸ் பை.

அன்றிரவு கணக்குப் போட்டேன். கணக்கு எளிது. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து ஒவ்வொருத்தியிடமும், "இன்று எவ்வளவு கடினம், பத்துக்கு எத்தனை?" என்று கேளுங்கள். அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். முதல் வாரம் 60 நிமிடம், கடினம் 5: ஒரு நாளைக்கு 300, ஆறு நாளைக்கு 1,800. இரண்டாம் வாரம் 90 நிமிடம், கடினம் 8: நாளைக்கு 720, வாரத்துக்கு 4,320. ஒரே வாரத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். நேரத்தை மட்டும் பார்த்தபோது, "அரை மணிதானே கூட்டினேன்" என்று தோன்றியது. பெருக்கிப் பார்த்த பிறகுதான் என் முட்டாள்தனம் தாளில் தெரிந்தது.

இதற்காகக் கடைசி ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம். சேர்ந்த முதல் நாளே ஒரு நீள நோட்டு வாங்கி உங்கள் உடம்பையே முதல் ஆளாகப் பதிவுசெய்யுங்கள்: தேதி, தூங்கிய மணி நேரம், காலையில் படுக்கையிலேயே எடுத்த நாடித்துடிப்பு, நிமிடம், கடினம், பெருக்கல். பெண்கள் மாதவிடாய் நாளையும் குறியுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. மூன்று மாதத்தில் வகுப்பில் யாரிடமும் இல்லாத ஒரு தரவு உங்களிடம் இருக்கும். புள்ளியியல் தாளில் சராசரி, திட்ட விலக்கம் என்று வரும்போது இந்த எண்களையே போட்டுப் பாருங்கள். அப்போது அந்தப் பாடம் பயமுறுத்தாது.

இருபது நிமிடப் பாடம்

மாணவர்களைப் பெரிதும் நடுங்கவைப்பது கற்பித்தல் செய்முறை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரை முன்னால் நிறுத்தி, இருபது நிமிடத்தில் ஒரு திறனைச் சொல்லித்தர வேண்டும். என் முதல் பாடம் ரெய்டில் கால்நுனியால் தொடுவது. இரண்டு நாள் மனப்பாடம் செய்து, கபடியின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்தேன். முடித்ததும் மேற்பார்வை ஆசிரியர் ஸ்டாப்வாட்சைக் காட்டினார். பதினொரு நிமிடம் நான் பேசியிருந்தேன். ஆறு நிமிடம் பிள்ளைகள் வரிசையில் முறைக்காக நின்றிருந்தார்கள். அசைந்தது மூன்றே நிமிடம்.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டவை: பேச்சு ஒரு தடவைக்கு முப்பது விநாடி. வெயில் உங்கள் முகத்தில் அடிக்கட்டும், பிள்ளைகள் முதுகில் அடிக்கட்டும். அவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டால் நீங்கள் செய்து காட்டுவது தெரியாது. முப்பது பேரை ஒரே வரிசையில் நிறுத்தாமல், ஐந்தைந்தாக ஆறு குழு. செய்துகாட்டும்போது பேசாதீர்கள், பேசும்போது செய்யாதீர்கள்.

திருத்துவதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு முறைக்கு ஒரு தவறுதான். "முட்டியை மடக்கு, இடுப்பை இறக்கு, காலை நீட்டு, பின்னால் பார்" என்று அடுக்கினால் பிள்ளை சிலையாகிவிடும். உடம்பின் உறுப்பைச் சொல்வதைவிட வெளியே உள்ள ஒன்றைச் சொன்னால் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள் என்று கபிரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் பல சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். நானும் சோதித்தேன். "காலை நன்றாக நீட்டு" என்றபோது இடுப்போடு முன்னால் சரிந்து விழுந்த அதே பெண், ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தரையில் வைத்து, "இதை மட்டும் தட்டிவிட்டுத் திரும்பி வா" என்றதும் பூனை மாதிரி காலை நீட்டித் தட்டிவிட்டு ஓடிவந்தாள். இப்போதும் என் பையில் ஆறு சிரட்டைகள் இருக்கின்றன.

பயோமெக்கானிக்ஸ் என்ற பூதம்

இதில் அரியர் வைத்தவள் நான். ஆகவே தாராளமாக அறிவுரை சொல்லலாம். சூத்திரத்திலிருந்து தொடங்காதீர்கள், ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள். பள்ளி இயற்பியலில் 45 டிகிரியில் எறிந்தால் அதிக தூரம் போகும் என்று படித்தோம். குண்டு எறிபவர்கள் ஏன் பெரும்பாலும் 40 டிகிரிக்குக் கீழே எறிகிறார்கள்? 45 என்பது புறப்படும் உயரமும் விழும் உயரமும் ஒன்றாக இருந்தால்தான். குண்டு கையை விட்டுப் போகும் இடம் தரைக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் மேலே. தவிரவும், மேல்நோக்கித் தள்ளத் தள்ள நம்மால் கொடுக்க முடிகிற வேகம் குறைகிறது. இந்த ஒரு கேள்வியைப் புரிந்துகொண்டால் எறிபொருள் இயக்கம் பாதி முடிந்தது.

பிறகு போன். சாதாரண வீடியோவில் விநாடிக்கு 30 படம். நீளம் தாண்டுபவரின் கால் பலகையில் இருப்பது சுமார் 0.12 விநாடி, ஆக மூன்று நான்கு படங்களில் எல்லாம் முடிந்துவிடும். மெதுவோட்டத்தில் 240 என்று வைத்து எடுத்தால் அதே நேரத்துக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது படங்கள். போனைக் கையில் பிடிக்காமல், பக்கவாட்டில் செங்கல் மேல் நிறுத்தி எடுங்கள். முன்பக்கமிருந்து ஒன்று கட்டாயம்: குதித்து இறங்கும்போது முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்கின்றனவா என்று பார்க்க. பெண்களுக்கு முழங்கால் குறுக்குத் தசைநார் கிழியும் ஆபத்து ஆண்களைவிட அதிகம். இறங்கும் முறையைச் சரிசெய்வது பயிற்றுநரின் கையில் இருக்கிறது.

மற்றவை

உளவியல் தாள் எளிது, ஆனால் மேலோட்டமாகப் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு மனநல மருத்துவராகிவிடாதீர்கள். ஊட்டச்சத்துத் தாளைக் கவனமாகப் படியுங்கள். கபடியில் எடை வரம்பு உண்டு. எடை பார்ப்பதற்கு முந்தைய நாள் தண்ணீர் குடிக்காமல், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன், ஓடச்சொன்ன பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஊக்கமருந்துத் தடைப்பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1-ஆம் தேதி புதுப்பிக்கப்படுகிறது. சில சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின்கூடப் போட்டி நேரத்தில் அளவு மீறினால் சிக்கல்தான். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கும் "கோச் அக்கா" நீங்களானால், பட்டியலைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

போக்சோ சட்டத்தைப் பாடத்திட்டத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படியுங்கள். மாணவியைத் தனியறையில் சந்திக்காதீர்கள். பிடியைத் திருத்தத் தொட வேண்டியிருந்தால், "தோளைப் பிடித்துக் காட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் தொடுங்கள். பெண் பயிற்றுநருக்கும் இது பொருந்தும்.

களப்பயிற்சிக்குப் பெரிய அகாடமியைத் தேடி ஓடுகிறவர்கள் அதிகம். அங்கே கூம்பு அடுக்கும் வேலைதான் கிடைக்கும். சிறிய பள்ளிக்குப் போனால் முழு அணியும் உங்கள் கையில். தவறும் உங்கள் கையில். படிக்கும்போதே உங்கள் விளையாட்டின் சங்கம் நடத்தும் பயிற்றுநர் உரிமத்தின் கீழ்ப்படி ஒன்றையும் முடித்துவிடுங்கள். கால்பந்தாக இருந்தால் அகில இந்தியக் கூட்டமைப்பின் டி உரிமம். முதலுதவிச் சான்றிதழும் வேண்டும்.

இறுதி வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் ஆய்வறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். கையெழுத்துக் கிறுக்கலும் சுண்ணாம்புக் கறையுமாக இருந்த சுமை நோட்டை எடுத்தார். ஒரு பக்கத்தில் விரல் வைத்து, "இந்தப் பெண்ணுக்கு இந்த வாரம் என்ன ஆனது? எல்லா நாளும் கடினம் 9 என்று இருக்கிறதே" என்றார். பயிற்சி மாறவில்லை, அவள் வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இரவு மருத்துவமனையில் தங்கிவிட்டு நேரே மைதானத்துக்கு வந்தாள் என்றேன். "அதற்கு நீ என்ன செய்தாய்?" வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவளை ஸ்கோர் எழுதச் சொல்லி உட்காரவைத்தேன் என்றேன். நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். அடுத்த மாணவரைக் கூப்பிட்டார்கள்.

மறுநாளே அலுவலகத்துக்குப் போய்த் தற்காலிகப் பட்டச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பட்டமளிப்பு விழா வருவதற்குள் இரண்டு மூன்று வேலை விளம்பரங்கள் வந்து போய்விடும்.